கழுவிய கரியும் கைகழுவிய பொறுப்பும்

கரியைப் பாலூற்றிக் கழுவினாலும் அதன் கருமை போகாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். மாற்றவியலாத இயல்புக்கு உவமையாகவே அது கூறப்பட்டு வந்தது. ஆயினும் கைத்தொழில் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலக்கரியைக் கழுவியே வருகின்றது. கழுவிய கரிக்குத் 'தூய கரி' என்ற பெயரையும் அது சூட்டியுள்ளது. அப்பெயர் ஆலையின் வாயிலைக் கடந்து அரசியல் மேடைக்கும் ஏறிவிட்டது. ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், 2017 ஓகஸ்டில் பீனிக்ஸ் நகரில் ஆற்றிய உரையில், கரியை வெளியே எடுத்துத் துப்புரவாக்குவதே தூய கரி என்னும் பொருள்படப் பேசினார். 2025 ஏப்ரல் 8ஆம் திகதி அவர் ஒப்பமிட்ட நிறைவேற்று ஆணையொன்றின் தலைப்பிலேயே 'அழகிய தூய கரி' என்னும் தொடர் இடம்பெற்றது.

புகைபோக்கியில் எழும் வாயுக்களைப் பிடித்தடக்கும் வேறு தொழில்நுட்பங்களுக்கும் இப்பெயர் வழங்கப்படுவதுண்டு. அவை ஈண்டு ஆராயப்படவில்லை. கழுவுதலால் கரி தூய்மையடைகின்றது என்னும் கூற்றே ஈண்டு விசாரணைக்குரியது. ஒரு சொல் அரசாணையின் தலைப்பாக உயரும்போது, அதன் பொருளை ஆராய்தல் பொறியியலாளருக்கு மட்டும் உரிய பணியன்று. மொழியையும் சமூகத்தையும் பயில்வோருக்கும் அக்கடமை உண்டு. கழுவுதல் அழுக்கை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. எவ்விடத்துக்கு மாற்றுகின்றது, அவ்விடத்தில் யார் வாழ்கின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கூறாதவரை, தூய்மை என்னும் சொல்லை எடுத்தாள எந்தக் கம்பனிக்கும், எந்த அரசுக்கும் உரிமையில்லை.

நிலக்கரி கழுவும் முறைகளுள் மிக நுட்பமானது நுரை மிதப்பு முறையாகும். சுரங்கத்திலிருந்து வரும் கரியோடு களியும் கல்லும் கலந்தே வருகின்றன. பெரிய துண்டுகளை அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு பிரித்தல் இலகு. கரி பாரங்குறைந்தது, கல் பாரங்கூடியது. ஆனால் ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்களை அவ்வாறு செம்மையாகப் பிரித்தல் கடினம். அவ்வளவு சிறிய துகளில் பாரத்தின் வேறுபாடு தன் வலிமையை இழந்துவிடுகின்றது. அங்குதான் மேற்பரப்பின் இயல்பு துணைக்கு வருகின்றது. கரியின் மேற்பரப்பு நீரை ஏற்பதில்லை, எண்ணெயையே நாடுகின்றது. களியின் மேற்பரப்போ நீரில் எளிதாக நனைகின்றது. நுண்கரி கலந்த நீரில் சிறிதளவு மண்ணெண்ணெயையோ டீசலையோ சேர்த்தால், அவ்வெண்ணெய் கரித்துகள்களின் மீது மென்படலமாகப் படிகின்றது. பின்னர், குமிழிகள் சிறியனவாகவும் உடையாமலும் நிற்பதற்காக நுரையாக்கி எனப்படும் அற்ககோல் வகை இரசாயனம் ஒன்று சேர்க்கப்படுகின்றது. தொட்டியின் அடியிலிருந்து காற்றுச் செலுத்தப்படும்போது கரித்துகள்கள் குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலெழுந்து கருநிற நுரையாகத் திரள்கின்றன. நுரை வழித்தெடுக்கப்பட்டு, வெற்றிட வடிகட்டியில் நீர் அகற்றப்படுகின்றது. களியும் கற்றூளும் நீரோடு கீழே தங்குகின்றன.

இம்முறையின் அறிவுச் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. 1877இல் ஜேர்மனியின் திறெஸ்டன் நகரத்துப் பெசல் சகோதரர் இத்தகைய முறையொன்றுக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றனர். அவர்கள் எண்ணெயாலும் குமிழியாலும் மிதக்கவிட்ட பொருள், இலங்கையின் சுரங்கங்களிலும் அகழப்பட்டு அக்காலத்தில் பெருமளவு ஏற்றுமதியான அதே பென்சிற்கரியாகும். அதன்பின் அவுஸ்திரேலியாவின் புறோக்கன் ஹில் சுரங்கங்களில் ஈயம், நாகம் ஆகியவற்றின் தாதுக்களைப் பிரிக்க இம்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ச்சியுற்றது. பின்னர் அது நிலக்கரிக்கும் பரவியது. இயந்திரங்கள் கரியை வெட்டத் தொடங்கியபின் நுண்துகளின் அளவு பெருகியது. அத்துகளை வீசியெறிவது நட்டமென உணர்ந்த முதலாளிகளுக்கு நுரை மிதப்பு பெருவரமாயிற்று. உருக்கு உற்பத்திக்கான கற்கரிக்குச் சாம்பலும் கந்தகமும் குறைந்த நிலக்கரி தேவை. அதனை வழங்குவதிலும் இதற்குப் பங்குண்டு. வீணாகச் சேற்றோடு போகவிருந்த கரியை மீட்பதும், வெறுங்கல்லை நூற்றுக்கணக்கான மைல் தூரம் புகையிரதத்தில் ஏற்றிச் செல்லாமல் தவிர்ப்பதும் பயனுள்ள செயல்களே.

ஆனால் பயனுடைமை வேறு, தூய்மை வேறு. நுரை மிதப்பு நீக்குவது கரியோடு கலந்துள்ள கனிப்பொருளை மட்டுமே. கந்தகத்தில் ஒரு பகுதி இரும்புக் கந்தகக் கல்லாகத் தனித்து நிற்கின்றது. அதில் ஓரளவை இம்முறையால் அகற்றலாம். கரியின் மூலக்கூறுகளோடு பிணைந்துள்ள எஞ்சிய கந்தகத்தை எந்த நுரையும் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எரியும்போது பூமியை வெப்பமாக்கும் காபனீரொட்சைட்டாக மாறுவது அழுக்கன்று, காபனாகிய கரியே. 12 தொன் காபன் எரிந்தால் 44 தொன் காபனீரொட்சைட்டு உண்டாகும் என்பது பாடசாலை இரசாயனம். கழுவிய கரி ஒரு தொன்னில் காபன் கூடுதலாக உள்ளது. ஆதலால் தொன்னுக்குத் தொன் ஒப்பிட்டால் அது வெளியிடும் காபனீரொட்சைட்டும் கூடுதலே. இதனைத் தூய்மை என்று அழைப்பது, சொல்லை அதன் பொருளிலிருந்து பிரித்து நுரையில் மிதக்கவிடுவதாகும்.

இனி, தொட்டியின் அடியில் தங்கியது எங்கே போகின்றது? கணக்கேடுகளில் கழுவிய கரியின் தொன்கள் ஒரு பக்கத்தில் பெருமையோடு எழுதப்படுகின்றன. கழிவுச் சேற்றுக்கோ ஓர் ஓரமே கிடைக்கின்றது. அச்சேறு மணலைப்போல விரைந்து படிவதில்லை. நுண்ணிய களித்துகள்கள் நீரில் நெடுநேரம் தொங்கி நிற்கும். படிந்த பின்னும் கூழ்போலவே கிடக்கும். எனவே அதனைக் குன்றின்மீது குவிப்பது, அல்லது பள்ளத்தாக்கின் தலைமாட்டில் அணை கட்டித் தேக்குவது என்பனவே மலிவான வழிகளாகக் கொள்ளப்பட்டன. பின்வரும் அழிவுகளுக்கு நுரை மிதப்பு ஒன்றே காரணம் என்பது இங்கு வாதமன்று. கரி கழுவும் ஆலையின் எல்லாப் பிரிவுகளும் கழிவை ஈனுகின்றன. ஆனால் 'கழுவினோம், தூய்மையாக்கினோம்' என்னும் மனப்பாங்கு அவ்வழிவுகள் அனைத்துக்கும் பொதுவானது.

வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்துக்கு மேலேயுள்ள மலைச்சாரலில், ஊற்றொன்றின்மீது, 1958இல் ஏழாம் இலக்கக் கழிவுமேடு தொடங்கப்பட்டது. சுரங்கக் கல்லோடு, கரியைப் பிரித்தபின் எஞ்சிய நுண்கழிவும் அதன்மீது கொட்டப்பட்டது. பாடசாலைக்குப் பின்புறத்தே கரிச்சேறு கொட்டப்படுவது ஆபத்தானதென 1963இலேயே உள்ளூராட்சிப் பொறியியலாளர் எழுத்து மூலம் எச்சரித்தார். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, மாணவர் வகுப்புகளில் அமர்ந்த சிறிது நேரத்தில், மேடு சரிந்து பன்ற்கிளாஸ் பாடசாலையை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் சிறுவர். தேசிய நிலக்கரிச் சபையின் தலைவர் றொபன்ஸ் பிரபு, எவரும் அறியாத இயற்கை ஊற்றுகளே காரணம் என்றார். அவ்வூற்றுகள் ஊரார் அறிந்தவை என்பதை விசாரணை மன்றம் நிலைநாட்டி, 1967இல் வெளியிட்ட அறிக்கையில் சபையையே குற்றவாளியாகக் கண்டது. அதன்பின்னும் சபையைச் சேர்ந்த எவரும் வழக்கில் நிறுத்தப்படவில்லை. அதனினும் கொடியது, எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, பிள்ளைகளை இழந்தோருக்கு உலகமக்கள் அனுப்பிய உதவி நிதியிலிருந்து 150,000 பவுண் பெறப்பட்டமையாகும். அத்தொகை 1997இல்தான், அதுவும் வட்டியின்றி, திருப்பிக் கொடுக்கப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் கடந்தன. 1972 பெப்ரவரி 26ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் பபலோ கிறீக் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கரிக்கழிவினாலேயே கட்டப்பட்டிருந்த அணை உடைந்தது. கழுவும் ஆலையின் கருநீர் ஓடையோரக் குடியிருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாரிச் சென்றது. 125 பேர் இறந்தனர். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். கம்பனி இதனைக் 'கடவுளின் செயல்' என்றது. அபர்வானில் இயற்கைமீது போடப்பட்ட பழி, இங்கு இறைவன்மீது போடப்பட்டது. அணை கட்டிய கை மட்டும் எங்கும் காணப்படவில்லை. மாநில அரசு 10 கோடி டொலர் கோரி வழக்குத் தொடுத்து, 1977இல் 10 இலட்சம் டொலருடன் சமரசம் செய்துகொண்டது. உயிர்தப்பியோரை ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன், இழப்பு தனித்தனி உயிர்களோடு முடியவில்லை என்றும், அயலாரை அயலாராகப் பிணைத்திருந்த சமூகமே சிதைந்தது என்றும் 1976இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். எந்த ஆலையின் உற்பத்திச் செலவுக் கணக்கிலும் இவ்விழப்புக்கு ஒரு நிரல் கிடையாது.

இவையெல்லாம் பழங்கதை, இக்காலத் தொழில்நுட்பம் திருந்திவிட்டது என்று கூறுவோர் உளர். 2000 ஒக்டோபர் 11ஆம் திகதி நள்ளிரவின் பின், கென்றக்கி மாநிலத்தின் மாட்டின் கவுன்ரியில் கரிச்சேற்றுத் தேக்கமொன்றின் அடித்தளம் கீழேயிருந்த கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இடிந்து வீழ்ந்தது. 30 கோடி கலனுக்கும் மேற்பட்ட சேறு சுரங்க வாயில்கள் வழியே ஓடைகளில் பாய்ந்தது. 1989இல் எக்சன் வால்டெஸ் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெயின் அளவைவிட இது 25 மடங்குக்கும் அதிகம். மனித உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அதனாற்போலும், எக்சன் வால்டெஸை அறிந்த உலகம் மாட்டின் கவுன்ரியை இன்றும் அறியவில்லை.

நுரை மிதப்பையே நேராகச் சுட்டும் நிகழ்ச்சி 2014இல் நடந்தது. மேற்கு வேர்ஜீனியாவின் தலைநகரான சார்ள்ஸ்ரனில், எல்க் ஆற்றங்கரையில், பிறீடம் இன்டஸ்ரீஸ் என்னும் கம்பனியின் இரசாயனத் தாங்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் இருந்தது மெதயில்சைக்கிளோஎட்சேன் மெதனோல் எனப்படும் நுரையாக்கி. நுண்கரியை மிதக்கவிடுவதற்காகவே விற்கப்படுவது. சனவரி 9ஆம் திகதி காலையில் ஊரெங்கும் அதிமதுரத்தின் மணம் வீசியது. அரித்துத் துளைவிழுந்த தாங்கியிலிருந்து ஏறத்தாழ 10,000 கலன் ஆற்றில் கலந்திருந்தது. குடிநீர் உள்ளெடுக்கும் இடமோ அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் கீழே இருந்தது. ஒன்பது கவுன்ரிகளில் ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள், குடிப்பதற்கோ சமைப்பதற்கோ குளிப்பதற்கோ அந்நீரைப் பயன்படுத்தலாகாதெனப் பணிக்கப்பட்டனர்.

அப்போது வெளிப்பட்ட அறியாமையே அக்கசிவினும் அச்சந்தருவது. அப்பொருள் மனிதருக்கு எவ்வளவு தீங்கானது என்னும் வினாவுக்கு விடை எவரிடமும் இருக்கவில்லை. பாதுகாப்பு விபரத்தாளில் நச்சுத்தன்மை பற்றிய இடங்களில் 'தரவு இல்லை' என்னும் வாசகமே திரும்பத் திரும்பக் காணப்பட்டது. 1976இல் நச்சுப்பொருட் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியபோது, அதற்கு முன்பே சந்தையிலிருந்த ஏறத்தாழ 62,000 இரசாயனங்கள் பரிசோதனையின்றியே அனுமதிக்கப்பட்டன. இதுவும் அவற்றுள் ஒன்று. பத்து இலட்சத்தில் ஒரு பங்குவரை ஆபத்தில்லை என்று முதலிற் கூறிய அதிகாரிகள், சில நாட்களில், கருவுற்ற பெண்கள் அந்நீரைத் தவிர்ப்பது நலமென ஆலோசனை கூறினர். கசிந்த திரவத்தில் வேறோர் இரசாயனமும் கலந்திருந்தது என்பது ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்தே வெளியிடப்பட்டது. கம்பனியோ எட்டாம் நாள் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் தலைவருக்கு 2016இல் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை 30 நாட்கள். கரியைக் கழுவியவர்கள் கையையும் கழுவிக்கொண்டனர். மக்களுக்குத்தான் முகங்கழுவ நீர் இருக்கவில்லை.

இதற்கு எதிராக மூன்று நியாயங்கள் வழமையாகக் கூறப்படுகின்றன. விபத்து வேறு, முறை வேறு. சாரதியின் பிழைக்காக வாகனத்தைக் குற்றஞ்சாட்டுவதா என்பது முதலாவது. இவ்வுவமை பொருந்தாது. வாகனம் விபத்தின்றியும் ஓடும். நுரை மிதப்போ சேறின்றி ஒரு நாளும் நடவாது. சேறு விபத்தால் உண்டானதன்று, முறையின் இரண்டாவது விளைபொருள். அணை உடைந்த நாள் மட்டுமே விபத்து. அணை நிரம்பிய ஆண்டுகளெல்லாம் உற்பத்தி.

இலாபவேட்கை கொண்ட தனியார் முதலாளியே குற்றவாளி, சுரங்கங்கள் மக்கள் உடைமையானால் இக்கேடுகள் நீங்கும் என்பது இரண்டாவது. இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. பபலோ கிறீக்கும் எல்க் ஆறும் அதற்குச் சான்று. ஆயினும் அபர்வான் மறுபகுதியைக் காட்டுகின்றது. பிரித்தானியச் சுரங்கங்கள் 1947இலேயே அரசுடைமையாயின. மேட்டைக் கட்டியதும், எச்சரிக்கையைப் புறக்கணித்ததும், மறைக்க முயன்றதும் மக்களின் பெயரால் இயங்கிய சபையே. உடைமை மாறியும் கணக்கேடு மாறவில்லை. தொன் கணக்கில் கரியை மட்டும் அளக்கும் நிருவாகம், உரியவர் யாராயினும், சேற்றை அளக்க மறந்துவிடும். ஆகவே உடைமை மாற்றம் தேவையானதாக இருக்கலாம், போதுமானதன்று.

கழுவாவிடில் சாம்பலும் கந்தகமும் நகரங்களின் காற்றில் கலக்கும், அதனைவிடக் கழுவுதலே மேல் என்பது மூன்றாவது. மூன்றனுள் வலியதும் இதுவே. ஆனால் இந்நியாயத்தினுள்ளே ஒரு மாற்றீடு மறைந்திருக்கின்றது. நகரத்தின் காற்று துப்புரவாவதற்குப் பள்ளத்தாக்கின் நீர் விலையாகின்றது. மின்னொளியின்கீழ் வாழ்பவன் அறியாமலே, ஓடையோரம் வாழ்பவன் அவனுக்காகச் செலவு செய்கின்றான். அப்பலாச்சிய மலைகளிலும் வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் அவ்வாறு செலவு செய்தோர் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினரே. கரியை வெட்டியவனே அதன் அழுக்கையும் சுமந்தான்; பெற்றது கூலி, எஞ்சியது சேறு.

மாற்றுவழி இல்லையென்பதும் உண்மையன்று. கழிவுச் சேற்றை அழுத்த வடிகட்டிகளிற் பிழிந்து, ஈரங்குறைந்த கட்டியாக்கி, நிலத்தில் அடுக்கி இறுக்கும் முறை உண்டு. அதற்குக் கரிச்சேற்றுக் குளம் தேவையில்லை. அது பரவலாகாமைக்கு முதன்மைக் காரணம் செலவு. குளம் வெட்டுவது ஏன் மலிவு? குளத்தின் கீழே வாழ்பவனின் அச்சத்துக்கு விலை குறிக்கப்படவில்லை என்பதால். மேலும், சட்டம் எப்போதும் பிணத்தின் பின்னே வந்திருக்கின்றது. அபர்வானின் பின் 1969இல் பிரித்தானியா கழிவுமேடுகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. பபலோ கிறீக்கின் பின் 1977இல் அமெரிக்கச் சமஷ்டி அரசு திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தை இயற்றியது. எல்க் ஆற்றின் பின் 2014இல் மேற்கு வேர்ஜீனியா இயற்றிய தாங்கிகள் பற்றிய சட்டம் மறு ஆண்டே தளர்த்தப்பட்டது. இம்முறை பிணம் விழாதமையால் நினைவும் நீளவில்லை போலும்.

ஆதலின் வேண்டப்படுவது விஞ்ஞான மறுப்பு அன்று, விஞ்ஞானத்தின் முழுக்கணக்கு. கரி கழுவும் ஒவ்வோர் ஆலையும் தான் மிதக்கவிட்ட கரியை எழுதும் அதே ஏட்டில், மூழ்கவிட்ட சேற்றையும் எழுதவேண்டும். அதனைக் காலமெல்லாம் காக்கும் செலவைக் கரியின் விலையிலேயே சேர்க்கவேண்டும்; வங்குரோத்தடையும் கம்பனி தப்பாதவாறு அச்செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும். மனிதருக்கு என்ன செய்யும் என்று அறியப்படாத எந்த நுரையாக்கியும் குடிநீர் எடுக்கும் ஆற்றின் கரையில் வைக்கப்படலாகாது. அணைக்குக் கீழே வாழும் மக்களுக்கு, அணையில் என்ன உள்ளது, எவ்வளவு உள்ளது என்பதை அறியும் உரிமையும், வேண்டாமென்று சொல்லும் உரிமையும் வேண்டும்.

இவற்றை ஏற்றபின்னும் நிலக்கரித் தொழில் இலாபமீட்டுமாயின், உருக்குக்கு இன்றியமையாத அளவுக்கு அது நடைபெறட்டும். ஈட்டாதாயின், அதுவரை ஈட்டிய இலாபம் யாருடைய பணம் என்பது வெளிப்பட்டுவிடும். எவ்வாறாயினும் 'தூய கரி' என்னும் சொல்லை அதன் உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பாலூற்றினாலும் கருமை போகாது என்று சொன்ன பாமரன் கரியின் இயல்பை மட்டுமே சொன்னான். கருமை போய்விட்டது என்று அறிவிக்கும் படித்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: போன கருமை இப்போது யாருடைய வாசலில் கிடக்கின்றது?